முளைக்காத நெல்

இப்போதெல்லாம் விதை கேட்டு வருகிறவர்கள் சாக்கோடு வருவதில்லை, செல்போனோடுதான் வருகிறார்கள் என்று வீரையனுக்கு எரிச்சல். மன்னார்குடி வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த அனுராதாவும் அவருடைய களத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சேத்துக்கால் சம்பா உங்க ஊரு நெல்லுன்னு பதிஞ்சுடலாங்க ஐயா. அப்புறம் எந்தக் கம்பெனியும் தன்னோடதுன்னு சொல்ல முடியாது, சட்டம் இருக்கு. ஒரு படி விதை கொடுங்க.”

“எந்தக் கம்பெனி வந்துச்சு? நீதாம்மா வந்திருக்கே.”

வீரையன் உள்ளே போய் வேண்டுமென்றே சோற்றுக்கு அவித்துக் காயவைத்திருந்த நெல்லை அள்ளி வந்தார். அது எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் முளைக்காது. இவளுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்று ஓர் ஆவல்.

அவள் ஒரு மணியின் உமியை நீக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “அவிச்ச நெல்லைக் கொடுத்து ஏமாத்துறீங்களே! எங்க வீட்லயும் நெல்லு அவிப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளிருந்து வைக்கோல் சுற்றிக் கட்டிய விதைக்கோட்டையை எடுத்து வந்து பிரித்தவர், பாதியில் நிறுத்தினார். “பதிஞ்சப்புறம் பக்கத்து ஊரு மீரா உசேன் விதை கேட்டா, உங்களைக் கேட்டுத்தான் கொடுக்கணுமா?”

“வேண்டாங்க. எப்பவும் போலக் கொடுக்கலாம். கொடுக்காதேன்னு யாரும் தடுக்க முடியாது.”

“இப்ப மட்டும் எவன் தடுக்கிறான்?”

படி நிறைய விதைநெல்லை அளந்து கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். “திருடனே வரலை, அதுக்குள்ள பூட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க” என்று முணுமுணுத்தார்.