இருபத்திரண்டாவது மிதப்பு

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. கோட்டையின் பீரங்கிக்குப் பயந்தவர்கள் உண்டு, கப்பலுக்குப் பயந்தவர்கள் உண்டு. ஆனால் ஏரியைச் சுற்றியிருந்த ஐந்து குப்பங்களிலும் ஆம்பிளைகள் நிஜமாகப் பயந்தது இரண்டு பேருடைய கைக்குத்தான். ஒருவன் கோட்டைக்குப்பத்து வடிவேலு, மற்றவன் வடகரைக் குப்பத்து ரங்கன்.

மாசி மகத்தன்று சாமி கடலாடித் திரும்பியதும் ஈர மணலில் குத்துச் சண்டை நடக்கும். நனைத்த வலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். விழுந்தவன் மூன்று அலை வந்து போவதற்குள் எழுந்திருக்காவிட்டால் தோற்றான். யார் யாரை ஜெயித்தார்கள் என்று ஓலையில் எழுதி வைக்க இவர்களுக்கு எழுத்துத் தெரியாது, கயிறு தெரியும். ஒவ்வொரு குத்துக்காரனுக்கும் ஒரு கயிறு. ஜெயித்தால், வலையை மேலே நிறுத்தக் கட்டுகிறோமே அந்த மரக்கட்டை மிதப்பு ஒன்றைக் கோப்பார்கள். தோற்றால், வலையை அடிக்கு இழுக்கும் சுட்ட மண் குண்டு ஒன்று. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அடிபட்டவன் பதினாறு நாளைக்குள் செத்துப்போனால் அந்த ஜெயம் ஜெயமில்லை. அந்த மிதப்பை அவிழ்த்து, கல்லோடு சேர்த்துக் கட்டி, ஏரியில் ஆழமான இடமாகப் பார்த்துப் போட்டுவிட வேண்டும்.

வடிவேலுவின் கயிற்றை வைத்திருந்தவன் அவனுடைய அண்ணன் சுப்பராயலு. சின்ன வயதில் படகைத் தள்ளும்போது அடியில் சிக்கி இடது கால் நசுங்கிவிட்டது. கடலுக்குப் போக முடியாது, குத்துக்கும் இறங்க முடியாது. வாய் மட்டும் முழுசாக இருந்தது. தம்பி குத்திய ஒவ்வொரு குத்தையும் தானே குத்தியதுபோலச் சொல்லுவான். கேட்பவனுக்குக் கன்னம் வலிக்கும். வடிவேலுவோ நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கயிறு சுப்பராயலுவின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. ஊரில் அவனை நாலு பேர் கூப்பிட்டு உட்கார வைத்ததெல்லாம் அதனால்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வடகரைக் குப்பத்துச் செங்கல்வராயன் வடிவேலுவிடம் அடிவாங்கி, காதில் ரத்தம் வந்து, ஒன்பதாம் நாள் செத்துப்போனான். கட்டுப்பாட்டின்படி மிதப்பை அவிழ்த்தாயிற்று. கல்லோடு கட்டிப் படகில் எடுத்துப் போனவன் சுப்பராயலுதான். ஆழத்துக்குப் போனது கல் மட்டும். மிதப்பு மடியில் திரும்பி வந்து கூரைக் கீற்றுக்குள் செருகப்பட்டது. அது எப்பேர்ப்பட்ட குத்து என்று சுப்பராயலுவுக்குத் தெரியும். அதை மீனுக்குப் போட அவனுக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் பிறகு வடிவேலு குத்துக்கு இறங்கவில்லை. அதுவும் சுப்பராயலுவுக்கு ஆற்றாமைதான்.

பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே வரவில்லை, ஏரி வற்றி உப்பாகி மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எந்தக் குப்பத்துக்கு எந்தப் பாடு, அதாவது எந்த இடத்தில் வலை போடும் உரிமை என்று வருஷா வருஷம் சீட்டுப் போடுவார்கள். இரண்டு வருஷமும் கோட்டைக்குப்பத்துக்கு விழுந்தது முழங்கால் தண்ணீர்கூட இல்லாத சேற்றுப் பாடு. திருப்பாலைவனம் பக்கத்திலிருந்து விவசாயக் குடும்பங்கள் சட்டி பானையோடு கோட்டையைப் பார்த்து நடந்தன. பெண்டாட்டி பிள்ளையோடு தங்களையே அடிமையாகக் கப்பலுக்கு விற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. சுப்பராயலு வாசலில் நின்று பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வேறு, நாம் வேறு என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் ஒரு கப்பல் தலைவன் தன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியை அனுப்பினான். கிழக்கே கடல் தாண்டி உலாந்தாக்காரர்களின் பத்தாவித் துறைமுகத்தில் இன்னொரு கப்பல்காரன் ஒரு குத்துக்காரனை வைத்துக்கொண்டு பீற்றிக்கொள்கிறானாம். அவனை அடிக்க இந்தக் கரையிலேயே பெரிய கை வேண்டும். போகிறவன் ஒரு பருவக்காற்றில் போய் அடுத்த காற்றில் திரும்பிவிடலாம். அவனுடைய குப்பத்துக்கு நாற்பது மூட்டை அரிசி. ஒன்று மட்டும் கண்டிப்பு. யார் பெரியவன் என்று பார்க்க வடிவேலுவையும் ரங்கனையும் மோதவிடக் கூடாது, உடம்பில் கீறல் இல்லாத ஆள் வேண்டும். கயிற்றைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், சமமாக வந்தால் சீட்டுப் போடுங்கள் என்று துபாஷி சொல்லிவிட்டுப் போனான்.

சுப்பராயலு அன்று வீட்டுக்குள் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். வடிவேலு இருபத்தொரு மிதப்பு, இரண்டு குண்டு. ரங்கனுக்கும் இருபத்தொன்று, இரண்டு என்றுதான் அவனுக்கு ஞாபகம். அப்படியானால் சீட்டு. இரண்டு வருஷமாகச் சீட்டு செய்த காரியத்தை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். தம்பியின் இரண்டு பிள்ளைகளும் நண்டு தோண்டித் தின்று வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தன. எழுந்து கூரைக்குள் கையை விட்டான்.

மறுநாள் காலையில் கோட்டைக்கு எதிரே மணலில் ஐந்து குப்பமும் கூடியது. பசியில் காது அடைத்துப்போன கூட்டம், ஆனாலும் பேச்சில் குறைவில்லை. ரங்கனின் கயிற்றைக் கொண்டு வந்தவர் அவனுடைய தாய்மாமன் திருவேங்கடம். நரைத்த மீசைக்காரர், சண்டையென்றால் முதலில் குரல் உயர்த்துகிறவர்.

"எங்காளு சும்மாவா ஜெயிச்சான்? காத்து எதிர அடிக்க, கண்ணுல மண்ணு வுழ, அப்பவும் ஜெயிச்சான்" என்று ஆரம்பித்தான் சுப்பராயலு. "உங்க ரங்கன் அடிச்சதுல பாதி பேரு பல்லு போன கிழவனுங்க."

"இருக்கட்டும்பா" என்றார் திருவேங்கடம்.

சுப்பராயலு எதிர்பார்த்தது இது இல்லை. கொஞ்சம் தடுமாறி, அடுத்த அம்பை எடுத்து விட்டான். "ரெண்டு பேரும் மோதினது மூணு வாட்டி. ஒன்னு அவன், ஒன்னு இவன். மூணாவது வாட்டி தண்ணி ஏறி நிறுத்திட்டாங்க. அப்போ யாரு முட்டி போட்டுக் கெடந்தான்? ஊரே பார்த்துச்சு."

"ரங்கன்தான் கெடந்தான். இல்லன்னு யாரு சொன்னா?"

கூட்டம் சிரித்தது. ரங்கன் தலையைக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். வடகரைக் குப்பத்துக்காரர்கள் இப்படி வாயடைத்து நின்று சுப்பராயலு பார்த்ததேயில்லை. பசி இவர்கள் கொழுப்பையும் கரைத்துவிட்டது என்று நினைத்தான். வாழ்நாளில் அவன் ஜெயித்த ஒரே சண்டை அதுதான், முழு ருசியோடு ஜெயித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார்கள். ரங்கனுக்கு இருபத்தொரு மிதப்பு, இரண்டு குண்டு. வடிவேலுவின் கயிற்றைத் திருவேங்கடம் தானே எண்ணினார். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டு வந்தவர் பத்தொன்பதாவதில் நின்றார். மற்ற மிதப்பெல்லாம் கையழுக்கில் கறுத்து வழவழவென்று இருந்தன. இது மட்டும் கூரைப் புகை பிடித்து வறண்டிருந்தது. செங்கல்வராயன் அவருக்குச் சித்தப்பன் மகன். அவர் சுப்பராயலுவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பொய் வெளியே வந்தால் ஐந்து குப்பத்தின் முன்னால் செருப்படிதான்.

"இருபத்திரண்டு. எண்ணிக்கை சரியாக்கீது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார் திருவேங்கடம்.

கோட்டைக்குப்பம் ஆர்ப்பரித்தது. வடிவேலுவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், தூக்கத் தெம்பில்லாமல் இறக்கிவிட்டார்கள். அவன் கயிற்றைக் கையில் எடுத்து மெதுவாக நெருடிப் பார்த்தான். பத்தொன்பதாவதில் அவன் விரலும் நின்றது.

"இத்த ஏரில போட்டுட்டேன்னு சொன்னியேண்ணே."

"மெதுவா பேசுடா. நாப்பது மூட்டை. ஒரு காத்துதானே? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவே."

"நான் இனிமே யாரையும் அடிக்க மாட்டேன்னு அவன் பொணத்து கிட்ட சொல்லிக்கீறேன்."

"அங்க அடிக்கப்போறது எவனோ கடல் தாண்டி கீறவன. அவனுக்கு இன்னா கட்டுப்பாடு?"

வடிவேலு கயிற்றை அண்ணன் இடுப்பில் தானே கட்டிவிட்டான். இரண்டு நாள் கழித்துப் படகில் ஏறினான். அவனைச் சங்கிலியில் போடவில்லை. அதைச் சுப்பராயலு கரையில் நின்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான். பின்னால் வந்த படகில் திருப்பாலைவனத்துக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குந்தியிருந்தன. இரண்டு படகும் ஒரே கப்பலைப் பார்த்துத்தான் போயின.

அரிசி வந்தது. நாற்பது என்று சொல்லி இருபத்தாறு மூட்டை வந்தது, அதிலும் பாதி புழு. ஆனாலும் கோட்டைக்குப்பத்தில் அந்த வருஷம் சாவு குறைவு. வடிவேலுவின் பெண்டாட்டி வேலம்மா மச்சாண்டார் சுப்பராயலுவுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். பிள்ளைகள் எழுந்து நடந்தன. சுப்பராயலு போகிற இடமெல்லாம் இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பிவிட்டான்.

அடுத்த காற்றில் கப்பல்கள் வந்தன. அந்தக் கப்பலும் வந்தது. வடிவேலு வரவில்லை. துபாஷியைத் தேடிப் போனால் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டானாம். கோட்டை வாசலில் ஒரு சிப்பாய், பத்தாவிக்குப் போனவன் எவன் திரும்பினான் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சுப்பராயலு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

அந்த மாசி மகத்தன்று ரங்கன் வந்தான். குத்துக்கு வரவில்லை. வீட்டு வாசலில் வலை முடிந்துகொண்டிருந்த சுப்பராயலுவின் எதிரே குந்தி, மடியிலிருந்து இரண்டு மிதப்பை எடுத்துக் கீழே வைத்தான்.

"இது ரெண்டும் எளாவூர் சந்தையில ஜெயிச்சது. இந்தக் கரையில யாருக்கும் தெரியாது. அன்னிக்கு மாமன் கயித்துலேந்து அவுத்துட்டாரு."

"இன்னாத்துக்கு?" என்று கேட்டான் சுப்பராயலு. பதில் தெரிந்தே கேட்டான்.

"முந்தின வருசம் எங்க குப்பத்துலேந்து மூணு பேர இதே மாதிரி கூட்டினு போனாங்க. ஒரு காத்துன்னுதான் சொன்னாங்க. ஒருத்தனும் வரல. எங்களுக்குத் தெரியும்ணே. வர மாட்டோம்னா கோட்டைக்காரன் சும்மா வுட மாட்டான். மீதி இருபத்தொன்னையும் எல்லாரும் பார்த்தது, மறைக்க முடில. சமமா வந்தா சீட்டுல பாத்துக்கலாம்னாரு மாமன். பாதிக்குப் பாதின்னு நான் துணிஞ்சுதான் வந்தேன்." ரங்கன் அந்த இரண்டு மிதப்பையும் சுப்பராயலு பக்கம் தள்ளினான். "உன் கயித்துல ஒன்னு கூட இருந்தத அவரு பாத்தாரு. செங்கல்வராயன் கணக்கு தீந்துச்சுன்னு வாயை மூடிக்கினாரு. நானும் மூடிக்கினேன். வடிவேலு எங்கூட மூணு வாட்டி மோதினவன்ணே. எனக்குத் தூக்கம் வரல."

அவன் போனபிறகு சுப்பராயலு வலையைக் கீழே வைத்தான். திருவேங்கடத்தின் மேல் கோபப்பட முயன்றான், வரவில்லை. அந்த ஆள் தன் வீட்டுப் பிள்ளையின் பெருமையை அவிழ்த்துப் போட்டுவிட்டு உயிரை வைத்துக்கொண்டார். இவன் செத்தவனின் கட்டையைக் கட்டித் தம்பியை அனுப்பிவைத்தான். இருபத்தொன்றிலேயே விட்டிருந்தால் ஒரு சீட்டு இருந்திருக்கும். எவ்வளவு மோசமான சீட்டாக இருந்தாலும் அதில் தம்பிக்குப் பாதி இருந்தது. மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டான். வலித்தது, போதவில்லை.

உள்ளே வேலம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். பத்தொன்பதாவதைப் பல்லால் கடித்து அறுத்து எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி உள்ளே போய் அவள் முன்னால் வைத்தான்.

"வேலம்மா, இது செங்கல்வராயன் மிதப்பு. போடச் சொன்னத போடாம வச்சிருந்து நான்தான் கட்டினேன். இந்த ஒன்னாலதான் அவன் போனான்."

அவள் கை நிற்கவில்லை. அரிசியைக் களைந்து, தண்ணீரை வடித்து, பானையில் போட்டாள்.

"தெரியும் மாமா" என்றாள். "போறதுக்கு முன்னாடியே சொல்ட்டாரு."

"தெரியுமா? தெரிஞ்சா எனக்கு ஒரு வருசமா சோறு போட்ட?"

"அண்ணன்கிட்ட கேக்காத, அவருக்கு அந்தக் கயிறு ஒன்னுதான் கீதுன்னாரு. அதான் கேக்கல."

அடுப்புக்கு விறகு தள்ளினாள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு வழக்கம்போல அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.