மதி என்றால் நிறுத்து

வேன் தம்பானூரைத் தாண்டுவதற்குள்ளேயே கிருஷ்ணவேணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லாற்றுக்குப் போகிறார்கள்! ஒன்பது வயது மகன் ஆதர்ஷும் போகிறான்! ஆற்றைப் பார்க்க மட்டுமா, தண்ணீரிலேயே இறங்கப் போகிறான்.

பிடித்துக்கொள்ளாவிட்டால் சாய்ந்துவிடுவான், குழைத்த சோறுதான் உள்ளே இறங்கும், வலிப்பு எப்போது வருமென்று சொல்ல முடியாது. அப்படி ஒரு பிள்ளையோடு வெளியே கிளம்புவது என்ன பாடு என்று கிளம்பிப் பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். கல்யாணமோ கடற்கரையோ, வீட்டில் நாலு பேரும் சேர்ந்து எதையும் அனுபவித்ததே இல்லை. யாராவது ஒருவர் ஓரமாக அவனோடு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அந்தக் கதை கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் ஒன்றாக விளையாடுவதற்கென்றே ரெஷ்மா டீச்சர் ஏற்பாடு செய்த நாள் இது. டீச்சர்தான் ஆதர்ஷுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்.

கணவர் தாணுலிங்கத்துக்குத்தான் முகம் தெளியவில்லை. பையன் நாலு பேர் முன்னால் அழுதால் அந்த மனிதருக்குத் தாங்காது.

"கேட்டியா வேணி, இண்ணைக்கும் அவன் அழுதாம்னா இதோட நிறுத்திக்கிடணும். பிள்ளைய இனி எங்கயும் கொண்டு போவண்டாம்."

"அழமாட்டான் அத்தான்." வாயளவில் சொல்லிவைத்தாள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பின் சீட்டில் மூத்தவள் வதனி உம்மென்று இருந்தாள். முழுப்பேர் மதிவதனி. போன வருஷம் வரை வீட்டில் மதிதான். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். அவள் படிக்கும் மலையாளப் பள்ளிக்கூட வகுப்பில் டீச்சர் "மதி" என்று கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினார்களாம். அன்று சாயங்காலமே வீட்டில் உத்தரவு பிறந்துவிட்டது: இனி யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, வதனி என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பாவே பயந்து மாறிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், ரெஷ்மா டீச்சர் ஆதர்ஷுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே சொல்தான். சோறு ஊட்டும்போது வயிறு நிறைந்தால் "மதி". மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவன் வாயில் வந்த ஒரே சொல் அது.

கல்லாற்றில் இடுப்பளவுத் தண்ணீர் பளபளவென்று ஓடியது. காற்றடைத்த அகலமான மிதவை, சாய்ந்துகொள்ள மெத்தை, இரண்டு பக்கமும் கயிறு. கயிற்றைப் பிடித்திருந்த ஷாஜி எல்லோருக்கும் சட்டம் சொன்னான்.

"குட்டி மதின்னு பறஞ்ஞா அப்போத்தன்னெ நிர்த்தணும். நம்மளுடெ இஷ்டம் அல்ல, குட்டியுடெ இஷ்டம்."

பிள்ளை போதும் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்ற அந்தச் சட்டம் கிருஷ்ணவேணிக்கு ரொம்பப் பிடித்தது. அவளும் கணவரும் ஆதர்ஷை நடுவில் கிடத்தி ஏறிக்கொண்டார்கள். மருந்துப் பையை யார் பார்ப்பது?

"வதனி, பையப் பாத்துக்கோ மக்ளே," என்றாள், எங்கே போனாலும் சொல்வது போலவே.

மிதவை நகர்ந்தது. தண்ணீர் காலில் பட்டதும் ஆதர்ஷ் கூவினான். அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை! அவளும் சேர்ந்து கூவினாள். அடுத்த நொடி அவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "ம... தீ!" என்றான்.

ஷாஜி சட்டென்று நிறுத்திக் கரைக்கு இழுத்தான். ஆதர்ஷ் அழத் தொடங்கினான். சக்கர நாற்காலியில் வைத்ததும், பக்கத்தில் நின்ற அக்காளைப் பார்த்து அடங்கினான். பயந்துவிட்டான் போல, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஏற்றினார்கள். சிரித்தான். திரும்பவும் கழுத்தைத் திருப்பி, "மதீ!" இழுத்தார்கள். இந்தத் தடவை அழுகையில் ஆறே அதிர்ந்தது. மற்ற குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன.

"செரி, துணிய மாத்து. கெளம்புவோம்," என்றார் தாணுலிங்கம். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை உடைத்தது. மிதவையில் கிடந்தவனின் மிதவைச் சட்டைக் கொக்கியை அவள் கழற்றும்போது கண் மறைத்தது. ஆசைப்பட்டது தப்பா? ஒரே ஒரு நாள்தானே கேட்டாள்!

"அம்மே, கழத்தாண்டாம்!" வதனி கத்தினாள். "அவன் போதும்னு பறையல. என்னைய விளிக்கான்."

"ஒன்னையா?"

"ரெண்டு தடவயும் என்னையப் பாத்துத்தானே சொன்னான்? எம் பேரு மாறினத எல்லாருக்கும் சொன்னோம். அவனுக்கு யாரு சொன்னா?"

கிருஷ்ணவேணிக்குச் சுரீர் என்றது. யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

ஷாஜிக்கு விளங்கவில்லை. "பக்ஷே மோன் மதின்னல்லே பறஞ்ஞது?"

"அது என்டெ பேராணு, சேட்டா!" என்றாள் அவள், ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி. "என்டெ பேரு மதி!"

மருந்துப் பையைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். பெல்ட்டும் மாட்டினாள். தானும் ஒரு மிதவைச் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பி பக்கத்தில் ஏறிப் படுத்தாள்.

தாணுலிங்கம் மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், பின்னாலேயே கிருஷ்ணவேணியும்.

மிதவை நகர்ந்தது. ஆதர்ஷ் அவள் முகத்தைப் பார்த்து, "மதீ," என்றான். ஷாஜியின் கை தன்னால் கயிற்றை இறுக்கியது.

"என்னல?" என்றாள் மதி.

அவ்வளவுதான்! தலை முதல் கால் வரை குலுங்கிச் சிரித்தான். "விடும் வே, இழுத்து விடும்!" என்று தாணுலிங்கம் ஷாஜியைப் பார்த்துக் கத்தினார். சட்டையெல்லாம் நனைந்து, காலால் தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரைக் கிருஷ்ணவேணி கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி. நாலு பேரும் ஒரே தண்ணீரில்! அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் மறைக்கவில்லை.

"மதி, இன்னும் கொஞ்சம் தண்ணி அவன் கால்ல வாரி ஊத்துடி!" என்று கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேரைச் சொல்லிவிட்டாளே.

மகள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அம்மா முகத்திலேயே அடித்தாள். கரையில் மருந்துப் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.