நான்காம் படிவத்தின் மூன்றாம் வரி

அச்சகத்தில் அவரைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிற மனிதர். ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம் அச்சகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏதாவது ஒரு வாக்குச்சாவடியில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்துவிடுவார். சம்பளம் கிடையாது. ஆறு தேர்தலில் ஒன்பது புகார் எழுதியிருந்தார். ஏழுக்குப் பதிலே இல்லை. இரண்டு நிலுவையில் இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

"ஆட்டம் கண்ட மேஜை ஏதாச்சும் இருக்கும் அங்க. உங்க புகாரை மடிச்சு அதுக்கு முட்டுக் குடுத்திருப்பாங்க," என்பாள் மனைவி.

அவர் செய்தித்தாளில் பிழைகளைச் சுழித்துக்கொண்டே இருப்பார். அவள் சற்று நேரம் காத்திருந்து பார்ப்பாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்குவாள். முப்பது வருடக் குடித்தனத்தில் பாதி அப்படித்தான் ஓடியது.

ஏழாவது தேர்தலில் அவருக்கு விழுந்தது ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடம். தலைமை அலுவலராக வந்தவர் அதே பள்ளியின் அறிவியல் வாத்தியார். ஏற்கெனவே இரண்டு தேர்தலில் பழகிய முகம். காலை ஏழு மணிக்கு ஒரு கையில் டீயும் மறு கையில் நான்காம் படிவமுமாக வந்தார்.

"வழக்கம்போல மூணு வரியிலயும் கையெழுத்துப் போட்டுடுங்க சார். சாயங்காலம் பெட்டியைத் தூக்க வண்டி வந்து நின்னுடும். அப்புறம் உங்களை எங்க தேடறது?"

எல்லாச் சாவடியிலும் அதுதான் நடைமுறை. முதல் வரி, காலிப் பெட்டியைக் காட்டியதற்கு. இரண்டாவது, முத்திரை வைத்ததற்கு. மூன்றாவது வரி, வாக்குப்பதிவு முடியும்வரை பெட்டி தம் பார்வையை விட்டு அகலவில்லை என்பதற்கு. அந்தப் படிவத்தை அடித்துக் கொடுப்பதே அவருடைய அச்சகம்தான். அதில் ஒவ்வொரு எழுத்தையும் அவர் பார்த்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் மூன்று கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

மதியம் மூன்றேகாலுக்கு மின்சாரம் போயிற்று. ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டிய அறை, இருட்டாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். வாத்தியாரும் இன்னொரு ஊழியரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். "கூட்டத்துல யாராச்சும் கை வச்சா என் தலைதான் உருளும் சார்," என்றபடியே வாத்தியார் கதவைச் சாத்தினார். கமா எழுந்து போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். வெளிச்சம் வந்து பெட்டியும் வெளியே வந்தபோது பதினொரு நிமிடம் கழிந்திருந்தது. முத்திரை வைத்தது வைத்தபடியேதான் இருந்தது.

அந்த வார்டில் நின்று தோற்றவள் ஒரு தையற்காரி. தெருவில் மாதக்கணக்காகச் சாக்கடை தேங்கி நின்றதை யாரும் வந்து பார்க்கவில்லை என்ற கோபத்தில் நின்றவள். ஒன்பது ஓட்டில் போயிற்று. முடிவு வந்த மறுநாள் காலை அவள் இவர் வீட்டு வாசலில் நின்றாள். ஊசி குத்திய விரல் நுனியை நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"பெட்டியை உள்ள கொண்டுபோனாங்களாமே சார். பாத்தீங்களா?"

"போனதைப் பாத்தேம்மா. உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாது. ஒண்ணுமே நடக்காமயும் இருந்திருக்கலாம்."

"அது போதுமா?"

"கண்ணை விட்டுப் போனாலே போதும். அந்தச் சாவடிக்கு மறுபடி ஓட்டு வைக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுத்துட்டேன்."

அவள் நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். "பத்தாவது," என்றாள் உள்ளேயிருந்து மனைவி. ஆனால் இந்த முறை கேலியில் சுரத்து இல்லை.

மூன்றாவது வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான அறை, சத்தம் போடுகிற மின்விசிறி. பின் பெஞ்சில் தையற்காரி. முன்னால் வாத்தியார், முழங்கால்மேல் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. விசாரணை அதிகாரி புகாரைப் படித்தார். நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டக்கூடச் செய்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

நான்காம் படிவம். மூன்று வரி, மூன்று கையெழுத்து. 'பெட்டி என் பார்வையை விட்டு அகலவில்லை.' எத்தனையோ முறை எழுத்தெழுத்தாகப் படித்த வாக்கியம். அன்றுதான் அதன் பொருள் அவருக்கு உறைத்தது.

"என்னுதுதான்."

"அப்ப எது உண்மை? இதுவா, புகாரா?"

அவர் தாளை இழுத்து மூன்றாவது வரியை மறுபடி படித்தார். அதிகாரி நல்ல மனிதர்தான். தணிந்த குரலில் வழியையும் சொன்னார். "ஞாபகப் பிசகுன்னு ஒரு வரி எழுதி வாபஸ் வாங்கிக்குங்க. உங்க பேர் பார்வையாளர் பட்டியல்ல இருக்கும், நிலுவைல இருக்கிற ரெண்டு புகாரும் இருக்கும். இல்லேன்னா இந்தப் படிவம் எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணும். அரை மணி நேரம் எடுத்துக்குங்க."

வெளியே தண்ணீர்க் குழாயருகே வாத்தியார் வந்து நின்றார்.

"காலையிலயே கையெழுத்து வாங்கினேன்னு எழுதப் போறீங்களா?"

"வேற எப்படி எழுதறது?"

"என்னைத் தூக்கி எங்கயாச்சும் போட்டுடுவாங்க சார். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். "பெட்டியை நான் தொடலை. வெளிச்சம் வர்ற வரைக்கும் அதும்மேலயே உக்காந்திருந்தேன். நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"அப்புறம் என்ன?"

கதவு சாத்தியிருந்தது, தட்டியும் திறக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உள்ளே போய்த் தாள் கேட்டு வாங்கி எழுதினார். மூன்று கையெழுத்தையும் காலை ஏழு மணிக்கே போட்டதாகவும், மூன்றாவது வரி பொய் என்றும், அந்தப் பொய் தம்முடையது என்றும். வாத்தியார் கேட்டுத்தான் போட்டது என்பதை விட்டுவிடலாமா என்று பேனாவைத் தூக்கியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அதையும் எழுதினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மனைவிதான் உறையைப் பிரித்து உரக்கப் படித்தாள். பொய்ச் சான்று அளித்ததைப் புகார்தாரரே ஒப்புக்கொள்வதால் அவருடைய கூற்று எதையும் நம்புவதற்கில்லை. புகார் தள்ளுபடி. முந்தைய இரண்டும் தள்ளுபடி. பார்வையாளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். வாத்தியாருக்கு இடமாற்றப் பரிந்துரை.

"ஒரே தபால்ல மூணுக்கும் பதில் வந்துடுச்சு," என்றாள். சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தாள். குழாயைத் திறக்கப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தையற்காரியைக் கடைக்குப் போய்ப் பார்த்தார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவர் சொன்னதைக் கேட்டாள். முடிந்ததும், "சாயங்காலம் போட்டிருக்கலாமே சார் அந்தக் கையெழுத்தை," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் துணியை நகர்த்தி மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

மழைக்காலம் முடிந்தபோது அடுத்த ஆர்டர் வந்தது. நான்காம் படிவம், பிழை பார்க்க வந்த முதல் மெய்ப்பு, அவர் மேஜையில். ஒரே ஒரு சொல்தான் அதில் குறைந்தது. ஒவ்வொரு கையெழுத்துக் கோட்டின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'நேரம்' என்று எழுதி முதலாளியிடம் கொண்டுபோனார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யோவ் கமா, அவங்க குடுத்ததுல எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்லை."

"அதைப் பாக்கத்தானேய்யா உன்னை வச்சிருக்கேன்? இந்தச் சிவப்பையெல்லாம் விட்டுட்டு வேற பிரதி எடு."

புதுப் பிரதியை எடுத்து மூன்று முறை படித்தார். பிழையே இல்லை. தாளின் அடியில் 'சரிபார்த்தேன்' என்ற இடம் அவருடைய கையெழுத்துக்காகக் காலியாக இருந்தது. அச்சு மிஷின்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் சின்னதாக மணியைக் குறித்தார். நாலு பத்து. அச்சகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.