குப்புறப் படுக்க மறுத்தவன்

ஜோசுவாவின் வலது முட்டிக்குக் கீழே காலெலும்பின் தலைப்பகுதி உடைந்து சிதறியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் டூ-வீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் அவன். ரிப்பேர் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனபோது சந்திலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. வண்டியோடு சாய்ந்ததில் மொத்தப் பாரமும் அந்த ஒரு காலில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கால் வீங்கிப் பளபளத்தது. எலும்பு டாக்டர் மஹாலட்சுமி அன்றைக்கே கத்தி வைக்கவில்லை. வெளியிலிருந்து எலும்புக்குள் கம்பிகளைச் செலுத்தி, ஒரு சட்டம் மாட்டி, காலை அசையாமல் நிறுத்திவைத்தார். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழ வேண்டும், அதற்கு முன் வெட்டினால் புண் ஆறாது என்றார். அன்றிலிருந்து ஜோசுவாவின் மனைவி திரிஷா காலையில் கண் விழித்ததும் போர்வையை விலக்கி அந்தத் தோலைத்தான் பார்ப்பாள்.

சுருக்கம் விழுந்த அன்று டாக்டர் ஸ்கேன் படத்தோடு வந்தார்.

"இந்தத் துண்டு வெளிப்பக்கம் இருக்குது. முன்பக்கமா தொறந்து சரி பண்ணிடலாம். ஆனா இது பாருங்க, முட்டிக்குப் பின்னாடி கீழ எறங்கிப் போயிருக்குது. முன்னாடியிலேருந்து எட்டாது. மொதல்ல உங்கள குப்புறப் படுக்க வெச்சு பின்பக்கமா போகணும். அப்புறம் மல்லாத்தி மீதிய முடிக்கலாம்."

"குப்புறல்லாம் வேணாம் மேடம். எல்லாத்தையும் முன்னாடியே பண்ணிடுங்க."

"பண்ணா பின்னாடித் துண்டு எறங்கினபடியே பள்ளமா நிக்கும். நீங்க குந்தும்போதெல்லாம் தொடையெலும்பு அந்தப் பள்ளத்துல வழுக்கும். நாளெல்லாம் குந்திக்கினு வேலை செய்யறவரு நீங்க."

"அப்போ முழு மயக்கம் குடுத்துடுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது."

அதற்கும் வழியில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. நெஞ்சைச் சோதித்த மயக்க டாக்டர், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதுதான் பத்திரம் என்று சொல்லியிருந்தார்.

"அப்போ ஆபரேஷனே வேணாம்" என்று ஜோசுவா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திரிஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா நீ, சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்கிற? அவங்க உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க?"

அவன் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் வாயை மூடினாள். டாக்டர் போய்விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜோசுவா சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"சின்ன வயசுல, எங்க ஊரு மாகறல்ல, எங்களுது மண் சொவுரு வூடு. நானும் தம்பியும் குப்புறப் படுத்துக்கினு இருந்தோம். மழையில சொவுரு மேல வுழுந்துடுச்சு. மூக்கு, வாயி எல்லாம் சேறு. கத்தவும் முடியல. அப்பா என்னைத் தோண்டி எடுத்தாரு. அவனை எடுக்கறதுக்குள்ள..."

கணவனுக்கு ஒரு தம்பி இருந்து இறந்தது திரிஷாவுக்குத் தெரியும். காய்ச்சல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். "நாளைக்கு ஆபரேஷன் வேணாம். சும்மா படுத்துப் பாப்போம்" என்று எழுந்தார்.

மறுநாள் வார்டிலேயே, சட்டம் மாட்டிய காலுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து அவனை மெல்லக் குப்புறத் திருப்பினார்கள். முகம் தலையணையில் பட்டதும் அவனுக்கு மூச்சு நின்றதுபோல் ஆனது. "திருப்புங்க! திருப்புங்க!" என்று அலறினான். உடனே திருப்பிவிட்டார்கள்.

"தியேட்டர்ல நடுவுல இப்படித் திருப்ப முடியாது ஜோசுவா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "எது இருந்தா உங்களால தாங்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

அவன் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

"மூஞ்சியில காத்து படணும். எதிர்ல ஒரு ஆளு தெரியணும். என்கூட பேசிக்கினே இருக்கணும்."

ஆபரேஷனன்று அப்படியே செய்தார்கள். தலையை ஒருக்களித்து வைத்து, முகத்தருகே துணி எதுவும் தொங்கவிடாமல், காற்றுக் குழாயைக் கன்னத்தில் படும்படி வைத்தார்கள். நர்ஸ் தேவகி அவன் கண்ணுக்கு நேரே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

கால் மரத்திருந்தது. ஆனால் டிரில் ஓடும் அதிர்வு இடுப்பைத் தாண்டி நெஞ்சுவரை ஏறியது. பிறகு 'தொம்' என்று ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அவன் வாயில் மண் ருசி வந்தது. தேவகியின் விரல்களை நெரித்தான்.

"என்னைப் பாருங்க" என்றாள் அவள். "என் ஸ்கூட்டி மேடு ஏறினா ஆஃப் ஆயிடுது. எதனாலன்னு சொல்லுங்க."

"...எப்பவுமா? ஏறும்போது மட்டுமா?"

"குலுங்கினா போதும், ஆயிடும்."

"பேட்டரி ஒயரு லூசா இருக்கும்."

"பேட்டரி புதுசுங்க. போன மாசம்தான் மாத்தினேன்."

"மாத்தினவன் சரியா முடுக்கலன்னா? புதுசுன்னா தானா புடிச்சுக்குமா?" அவனுக்கு எரிச்சலே வந்துவிட்டது. எரிச்சலில் மூச்சு ஒழுங்காக ஓடத் தொடங்கியதை அவன் கவனிக்கவில்லை. கார்புரேட்டர், ஒயர், பியூஸ் என்று பேச்சு நீண்டது.

பின்னாலிருந்து டாக்டர் குரல் கேட்டது. "ஜோசுவா, துண்டு எடத்துல ஒக்காந்துடுச்சு. பிளேட்டு வெச்சு முடுக்கியாச்சு. தையல் போட்டுட்டுத் திருப்பிடறோம்."

அவன் கண்ணிலிருந்து வழிந்ததைத் தேவகி பஞ்சால் ஒற்றினாள்.

மல்லாத்தி முன்பக்கத்தையும் முடித்து வார்டுக்கு வந்த பின் திரிஷா அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்னென்னவோ கேட்க நினைத்தவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"தம்பி பேரு இன்னா?"

"அருள். நல்லா விசில் அடிப்பான்" என்று தொடங்கியவன், சாப்பாடு வரும்வரை தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

மாதக்கணக்கில் காலை ஊன்றவே விடவில்லை. பிறகு வாக்கரோடு அரைப் பாரம், அப்புறம் முழுப் பாரம். முட்டியை மடக்கப் பழக்கும்போது ஆஸ்பத்திரியே அதிரக் கத்துவான். கடைசிக் கொஞ்சம் மட்டும் மடங்கவே இல்லை, அது மடங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நின்றபடியே வேலை செய்ய, கடையில் வண்டியை ஏற்றி நிறுத்த ஒரு மேடை கட்டிக்கொண்டான். பஞ்சர் பார்க்க மட்டும் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து குந்துவான். எழும்போது சீட்டைப் பிடித்துக்கொள்வான்.