ஆறாவது குலை

புகாராமா மேட்டில் பனி இன்னும் விலகவில்லை. மிசாகோ சைக்கிள் கேரியரில் ஐந்து வாழைக்குலைகளை ஏற்றி, பழைய டியூபைக் கீறிய நாடாவால் இறுக்கிக்கொண்டிருந்தான். ஆறாவது குலை காலடியில் கிடந்தது.

அவன் தங்கச்சி புருஷன் கபுரா பின்சக்கரத்துப் பக்கம் குந்திப் பார்த்தான். பிரேக் கட்டையில் ரப்பர் நகத்தின் கனத்துக்குத்தான் இருந்தது.

"இதை நம்பியா இறங்கப்போற, மச்சான்?"

கட்டை வாங்க ஒதுக்கிய இரண்டாயிரம் பிராங்க் நேற்று மருந்துக்கடைக்குப் போய்விட்டது. சின்ன மகளுக்கு மூன்று நாளாக மலேரியா. பணத்தை எடுத்து நீட்டியவன் மிசாகோதான். அவன் பொண்டாட்டி கனேசாதான் அதை உடனே வாங்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மரவள்ளி மாவும் இன்று காலையோடு தீர்ந்தது. மலைக்குக் கீழே புஜும்புரா நகரச் சந்தையில் சேர்த்தால் குலைக்கு இரண்டாயிரம் கூலி. ஐந்து குலைக் கூலி மாவுக்கும் மீதி மாத்திரைக்கும். ஆறாவது, கட்டைக்கு.

"பிரேக் வாங்கப் பாரம் ஏத்துற. பாரம் ஏத்தினா இருக்கிற பிரேக்கும் போயிடும். நல்ல கணக்குடா."

"வாய மூடிட்டு ஒரு கை குடு."

இருவரும் தூக்கி வைத்தார்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது.

மூன்றாவது வளைவிலேயே பிரேக் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. இரும்பு ரிம்மைக் கீறும் சத்தம் கேட்டது. மிசாகோ வலது காலைப் பின்னால் விட்டு, டயர்ச் செருப்பைச் சக்கரத்தின்மேல் வைத்து அழுத்தினான். எல்லாரும் செய்வதுதான், ஆனால் ஐந்து குலைப் பாரம்தான் அவன் காலுக்குப் பழக்கம். ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. வேகம் குறையவில்லை. காற்றில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எடுக்கப் பயம். 

அடுத்த வளைவில் சாலை நடுவே பச்சைக் கிளைகள் கிடந்தன. ஒடித்துப் போட்டிருந்தார்கள் என்றால் முன்னால் லாரி பழுதாகி நிற்கிறது என்று அர்த்தம். நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பள்ளம். மிசாகோ லாரியை எட்டுவதற்கு முன்னாலேயே கைப்பிடியை மலைப்பக்கம் ஒடித்து, மண்சுவரில் போய் மோதினான்.

பஸ் கடந்து போனது. ஜன்னல் முகங்கள் திரும்பிப் பார்த்தன. மிசாகோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தன் சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்த கபுரா சிதறிய காய்களைப் பொறுக்கினான். மிசாகோவின் வலது செருப்பு ஓட்டையாகி, குதிகால் தோல் சுருண்டிருந்தது. மீதி வழியை இருவரும் அவரவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினார்கள்.

குலைகளின் சொந்தக்காரி, வியாபாரி ஸ்பெசியோசா இரண்டு குலைகளை ஒதுக்கித் தள்ளினாள். நசுங்கினது யாருக்கு வேண்டும் என்றாள். அவற்றின் விலையே இன்றைய கூலிக்கு மேல், கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

"பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு அக்கா."

"உன் சைக்கிளுக்கு நான் கட்டை போடணுமா, தம்பி?" அவன் காலைப் பார்த்தாள். பையிலிருந்து இரண்டாயிரம் எடுத்துக் கொடுத்தாள். "மாவு வாங்கிக்க. நாளையிலேர்ந்து ஏழு ஏத்திட்டு வா, கழிச்சுக்கலாம்."

"சரி அக்கா."

உதிரிபாகக் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மாவு வாங்கினான்.

ஊர் திரும்ப, மேலே போகும் சிமெண்ட் லாரியின் பின்கம்பியைச் சைக்கிளில் இருந்தபடி ஒரு கையால் பற்றிக்கொண்டான். மாவுப்பை கழுத்தில் தொங்கியது. வெந்த கால் பெடலில் படாமல் விலகி நின்றது. பாதி மலையில் எதிரே ஒருவன் இறங்கி வந்தான். ஏழு குலை. இரண்டு கால்களையும் தாரில் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மிசாகோ தலையைத் திருப்புவதற்குள் அவன் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.