வைக்கோற்போரில் ஒளித்த கை

அன்று மாலை அந்தக் கிறித்தவச் சிறுகோயிலின் முன் கூடியிருந்தவர் இவர்: குடை நிழலை விட்டு ஓரடியும் நகராத ஊர் மணியக்காரர் பாண்டுரங்கனார், அவர்க்குப் பின்னே, திறவுகோலைக் கைக்குள் இறுக்கிய தலையாரி பெருமாள், மூத்த மகளை உள்ளே கிடத்திவிட்டுக் கைக்குழந்தையோடு மண்ணில் அமர்ந்திருந்த சிட்டம்மாள், துணியால் வாய் பொத்தித் தொலைவில் நின்ற கூலிக்குடியிருப்பின் ஆண்களும் பெண்களும், அவர்களினும் தொலைவில், புளியமரத்தடியில், முகமெங்கும் பழைய அம்மைத் தழும்பு நிறைந்த வேதகிரி, இடுப்பில் நீர்க்குடத்தோடு அவன் மனைவி மலர்க்கொடி. கோயிலின் உள்ளே நோயுற்று இருவர் கிடந்தனர். ஒருத்தி, வீடுவீடாய்ச் சென்று மறை சொல்லிவந்த ஞானசுந்தரி. மற்றவள் சிட்டம்மாளின் மகள் அம்முலு.

ஐம்பத்தெட்டாம் ஆண்டுப் பங்குனி அது. உத்திரமேரூர்ப் பேரேரி தன் நீரையெல்லாம் வயலுக்கு ஈந்துவிட்டு, பால் வற்றிய தாயின் மார்புபோல் வெடித்துக் கிடந்தது. அறுவடை முடிந்த கழனிகளின் தாள்கள் வெயிலில் பொன்னிறம் இழந்து சாம்பல் பூத்திருக்க, அவற்றிற்கு அப்பால் திருப்புலிவனத்துப் பனைகள் ஒன்றையொன்று நெருங்க அஞ்சியவைபோல் தனித்தனியே நின்றன. மேலைவானில் இறங்கிய ஞாயிறு, காய்ச்சல் கண்டவன் கண்போல் சிவந்திருந்தது. ஊரில் எவ்வாயிலை நோக்கினும் வேப்பிலைக் கொத்து, எத்தெருவிலும் ஆளின்மை. நோயின் பெயரைச் சொல்லவும் அவ்வூரார் அஞ்சினர். “அம்மா வந்துகீறா” என்று மட்டும் தாழ்ந்த குரலில் கூறி, அக்குரலும் எவர் செவியிலேனும் பட்டதோ என்று திரும்பிப் பார்த்தனர்.

படிப்போர் வேதகிரியை முதலில் அறிதல் நன்று. அவன் தீயவன் அல்லன். ஆயினும் அவனோடு வாழ்தல் எளிதன்று. சிறுவனாய் இருந்தபோது இதே நோய் அவன் வீட்டில் புகுந்தது. உற்றார் அக்குடிசையை வெளியே பூட்டினர். உள்ளே தாய் இறந்தாள், அவளருகில் கிடந்த தம்பியும் இறந்தான், வேதகிரி பிழைத்தான். இறந்த இருவரோடு அடைபட்டு அவன் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்ததைத் தெருவே கேட்டது, எவரும் திறக்கவில்லை. அன்றுமுதல் அவன் பூட்டிய கதவுக்குள் உறங்கியதில்லை. நோய் தந்த முகத்தோடு வளர்ந்தவன், அழகிய மலர்க்கொடியை மணந்தபின், அவளை நோக்கும் ஒவ்வொரு கண்ணையும் திருடன் கண்ணாகவே எண்ணினான். நாற்று நடும் வரிசையில் அவளுக்கு அருகே எவன் நின்றாலும் மாலையில் அவனோடு கைகலப்பு உறுதி.

அந்நாளில் மலர்க்கொடி அச்சம் மிக்கவள். பனந்தோப்பின் வழியே தனித்து நடவாள். இருட்டு, இடி, ஆண்டையின் குரல் யாவும் அவளை நடுக்கும். அப்போதெல்லாம் கணவனின் மேல்துண்டின் நுனியைப் பிடித்து, “கூட இரு மாமா” என்பாள். அச்சொல்லே வேதகிரியின் செல்வம். நிலமில்லாதவன், எழுத்தறியாதவன், கண்ணாடி பார்க்க விரும்பாதவன் ஒருவனுக்கு, தன்னை அரணாகக் கொண்ட ஓர் உயிர் உண்டென்பது சிறு பேறன்று.

அதன்பின் ஞானசுந்தரி வந்தாள். கூலிக்குடியிருப்பில் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாய் ஒரு சிறுகோயில் எழுந்தது. களையெடுத்துத் திரும்பும் பெண்கள் அங்கே அமர்ந்து இயேசுவின் கதையைக் கேட்டனர். கேட்டவருள் பலர் மறந்தனர்; மலர்க்கொடி மறக்கவில்லை. கார்த்திகை மழைக்குப்பின் ஏரி நிறைந்தபோது அவள் திருமுழுக்குப் பெற்றாள். வேதகிரி கரைக்கும் வரவில்லை. அதற்குப்பின் ஒருநாள் அவள் பனந்தோப்பின் வழியே தனியே நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அவன் துண்டோ தோளிலேயே கிடந்தது. அதைப் பற்ற எக்கையும் வரவில்லை. அன்று மாலை அடுப்படியில் அவள் முழந்தாளிட்டுக் கண்மூடி முணுமுணுப்பதை அவன் கேட்டான். “கூட இரு” என்றாள். அவனிடம் சொல்லவில்லை.

பிறர்மேல் கொண்ட பொறாமைக்கு வேதகிரியிடம் மருந்து இருந்தது. அது அவன் கைமுட்டி. ஆனால் இப்புதியவனுக்குத் தாடை இல்லை, குத்துவதற்கு. நாற்று வரிசையில் நில்லான், கள்ளுக்கடைக்கு வாரான், தெருமுனையில் மடக்க இயலான். அவனோ வீட்டினுள் அடுப்பருகே, அவள் மூடிய இமைக்குள் இருந்தான். தழும்பில்லாத முகம் உடையவன் என்றும் ஞானசுந்தரி வைத்திருந்த இயேசுவின் படம் ஒன்று காட்டிற்று. பட்ட மரத்தின் உள்ளே கனலும் நெருப்புப்போல், புகையின்றி, ஒளியின்றி, வேதகிரி எரிந்தான்.

மாசியில் அம்மை குத்தும் அலுவலர் மிதிவண்டியில் வந்தார். அம்மாவின் சினத்துக்கு அஞ்சிச் சிட்டம்மாள்போல் பலர் பிள்ளைகளோடு தோப்புக்குள் ஓடினர். சிலர் கை நீட்டினர். அலுவலர் ஒரு பெண்ணின் முன்கையை இடக்கையால் பற்றித் துடைத்து ஊசி வைப்பதை வேதகிரி கண்டான். ஊசியை அவன் நோக்கவில்லை. பற்றிய கையை நோக்கினான். மறுநொடியே களத்துக்கு ஓடி, நெல் தூற்றிக்கொண்டிருந்த மனைவியை இழுத்து வைக்கோற்போரின் பொந்தில் ஒளித்து, மேலே பிரிகளை அள்ளிப் போட்டான். அவளும் ஒளிந்தாள், அலுவலருக்கு அஞ்சியன்று, கணவன் அவர்மேல் கை வைத்துச் சிறை போவானே என்று அஞ்சி. அலுவலர் போனார். பங்குனியில் நோய் வந்தது.

அச்சிறுகோயிலின் வாயிலில் வேப்பிலை கட்டாததே அம்மா சினக்கக் காரணம் என்று ஊர் பேசிற்று. அதனால்தான் நோயுற்ற இருவரையும் அங்கேயே கிடத்திப் பூட்டுவதென்று மணியக்காரர் முடிவு செய்தார். எஞ்சியது ஒன்றே: அவ்விருவர்க்கும் நீர் வார்ப்பார் எவர்? அம்மை குத்திக்கொண்டவரும் முன்வரவில்லை.

“ஒரே ஒரு ஆளு உள்ள போனா போதும்” என்றார் பாண்டுரங்கனார், குடைக்குள் இருந்தவாறே. “ஆனா போனவங்க, உள்ள கிடக்கற கடைசி ஆளுக்கும் பொருக்கு உதிர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது. சாவி பெருமாளாண்டதான் இருக்கும்.”

சிட்டம்மாள் எழுந்தாள். “நான் போறன் ஆண்ட. எம்பொண்ணு தண்ணி தண்ணின்னு கேக்குது.”

“இடுப்புல ஒண்ணு கீதே, அத்த யாராண்ட குடுப்ப? உக்காரு.”

தலையாரி பெருமாள் தொண்டையைக் கனைத்தான். “நம்ம வேதகிரிக்குத்தான் அம்மா வந்துட்டுப் போயிட்டாளே. ஒருதரம் வந்தவனாண்ட மறுக்கா வரமாட்டா. அவனே போவட்டும்.”

அனைவர் தலைகளும் புளியமரத்தை நோக்கித் திரும்பின. அம்மை கண்டு பிழைத்து உடல்வலுவோடு நின்றவன் அவ்வூரில் அவன் ஒருவனே. வேதகிரியோ மனிதரை நோக்கவில்லை. பெருமாளின் கையில் தொங்கிய இரும்புப் பூட்டை நோக்கினான். அவன் காதுக்குள் பழைய கதவு ஒன்று அறைபட்டது.

“என்னால ஆவாது” என்றான்.

கூட்டத்தில் ஒருவன் துணிக்குள் சிரித்தான். “அவனுக்கு இன்னாடா பயம்? பொண்டாட்டிய வெளிய வுட்டுட்டு உள்ள போவணுமே, அதான் பேஜாரு.”

அச்சிரிப்பு அடங்குமுன் மலர்க்கொடி குடத்தோடு நடந்தாள். “நான் போறன்” என்றாள், கிணற்றுக்குப் போவதாய்ச் சொல்லும் குரலில். வேதகிரி மரத்தடியை விட்டு ஓடிவந்து வழி மறித்தான்.

“உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? உனக்கு குத்தல.”

“குத்தலன்னு எனக்குத் தெரியாதா? வைக்கோலு இன்னும் முதுவுல அரிக்குது.”

“அவளுக்காவ சாவப் போறியா? ஞானசுந்தரி உனக்கு இன்னா உறவு?”

“அந்தக் குட்டிக்கும் நான் உறவில்லதான். தண்ணி கேக்குது.” அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். “வழிய வுடு மாமா. கஞ்சி மட்டும் கொண்டாந்து குடு.”

அவன் விலகினான். விலகியது அன்பால் அன்று. பூட்டுக்கு அருகே நிற்க இயலாமையால். வாயிலில் அவள் ஒருகணம் தயங்கினாள். அவள் அச்சமற்றவள் அல்லள் என்பதை அப்போது அவன் கண்டான்; அவள் கால்கள் நடுங்கின, குடத்து நீர் தளும்பிற்று. பின் அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பதை அவன் கேளாமலே அறிந்தான். எவரிடம் சொன்னாள் என்பதையும் அறிந்தான். கதவு மூடிற்று.

அதன்பின் காலையும் மாலையும் அவன் பலகணிக்குக் கஞ்சி கொணர்ந்தான். கம்பிகளினூடே அவள் கை நீளும், கலத்தை வாங்கும். அவனோ போகாமல் சுவரோரம் நின்று செவி சாய்ப்பான். உள்ளே பெண்கள் மூவரே என்பதை அறிவான். எனினும் நான்காவதாய் ஒருவன் இருப்பதாகவே அவன் செவி அவனுக்குச் சொல்லிற்று.

“யாராண்ட பேசிக்கினு இருந்த?” என்று ஒருநாள் கேட்டான்.

“யாராண்ட பேசுவன்? அவராண்டதான்.”

“அவரு பதிலு சொல்றாரா?”

“நீ சொல்றியா, நான் கேக்கறதுக்கெல்லாம்?” அவள் சிரித்தாள். களைத்த சிரிப்பு. “கஞ்சில உப்பே இல்ல மாமா. ஞானக்கா ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சு. இனிமே தெறக்காது போல கீது. அம்முலு பரவால்ல.”

அன்று திரும்பும் வழியில் வேதகிரியின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. அதை மறைத்தால் இக்கதை பொய்யாகும். அவளுக்கும் முகமெல்லாம் தழும்பு விழுந்துவிட்டால், பின் எவனும் அவளை நோக்கான். தழும்பில்லா முகத்தவனும் அவளைக் கைவிடுவான். அவள் தனக்கே உரியவளாவாள். அவ்வெண்ணம் அவனுக்கு இனித்தது. நெடுநேரம் அதைச் சுவைத்துக்கொண்டே நடந்தான்.

அதன்பின் ஒரு பிற்பகல், கம்பிகளினூடே நீண்ட கை அவளுடையதன்று. பொருக்கு படிந்த ஒரு கை, கலத்தின் விளிம்பைத் தேடிக் காற்றில் தடவிற்று.

“யாரு, வேதகிரியா?” என்றாள் ஞானசுந்தரி. “உன் பொஞ்சாதி நெருப்பா கொதிக்கிறா. கையிலயும் மூஞ்சிலயும் முத்து தெரியுதுன்னு அம்முலு சொல்லுது. எனக்குத்தான் கண்ணு போச்சே. பானை எங்க கீதுன்னு தடவித்தான் பாக்கறன். அதுக்குள்ள பாதி கொட்டிப்போவுது.”

“எந்தக் கை?” என்றான் வேதகிரி.

“இன்னாது?”

எந்தக் கையாயின் என்ன? பிறன் தொடலாகாதென்று தான் வைக்கோலில் ஒளித்த கை அது. கோயிற்படி மிதியாத தான் வேண்டிய தழும்பு எவ்வளவு விரைவில் கிட்டிவிட்டது. கலத்தை ஞானசுந்தரியின் கையில் பதிய வைத்தான். உள்ளிருந்து மெலிந்த முனகல் ஒன்று வந்தது. அது அழைப்பா, வேண்டுதலா, எவரை நோக்கியது என்று அறிய அவன் செவியைக் கம்பியில் அழுத்தினான். அந்நிலையிலும் அவன் உள்ளம் அதையே கேட்டது. பொறாமை அத்தகையது, சாவின் வாயிலிலும் தன் கணக்கை மறவாது.

பெருமாள் ஏரிக்கரை அரசமரத்தடியில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

“பெருமாளண்ணா, சாவி குடு.”

“எதுக்குடா? அவள வெளிய இட்டாரதுக்கா? ஊரு என்னியக் கொளுத்திடும்.”

“நான் உள்ள போறதுக்கு.”

பெருமாள் மெல்லுவதை நிறுத்தினான். வேதகிரியின் சிறுவயதுக் கதவை அவனும் அறிவான். அன்று தெருவில் நின்று கேட்டவருள் அவனும் ஒருவன். “டேய், நான் பூட்டணும்டா. மணியக்காரரு சொன்னது உனக்கே தெரியும்.”

“பூட்டிக்கோ. நான் கத்துவன். கத்துனா தெறக்காத.”

“கத்துவியா?”

“கத்துவன்.”

அம்மாலை அச்சிறுகோயிலின் முன் நின்றவர் இருவரே. குடையில்லை, கூட்டமில்லை, எள்ளி நகைப்பாரும் இல்லை. பெருமாள் பூட்டைக் கழற்றிக் கதவைத் தள்ளினான். வெந்த சதையும் வேர்வையும் கலந்த பழைய வாடை, அவன் தாயின் குடிசை வாடை, இருட்டிலிருந்து எழுந்து வேதகிரியின் முகத்தில் மோதிற்று. ஓடிவிடலாம்; எவரும் வியவார். உள்ளே பாயில் அவள் கிடப்பது மங்கலாய்த் தெரிந்தது. அவள் தலைமாட்டில் ஒருவரும் இல்லை. இத்தனை நாள் அவன் வெறுத்த அந்நான்காமவன் அங்கே உண்டோ இல்லையோ, உண்டெனில் அவளை அவனிடம் மட்டும் விட்டுவைக்க வேதகிரி ஒருப்படவில்லை. இல்லையெனில் அவள் தனித்துக் கிடக்கவும் ஒருப்படவில்லை. ஆயினும் கால் எழவில்லை. தனக்கென ஒரு சொல்லும் அவனிடம் இல்லை. அவள் சொல்லிக் கேட்ட சொல் ஒன்றே இருந்தது.

“கூட இரு” என்றான்.

“யாரு, நானா?” என்றான் பெருமாள், ஓரடி பின்வாங்கி.

“உன்னச் சொல்லல.”

அச்சம் அவனை விட்டு அந்நொடியே அகன்றதென்று எழுதினால் படிப்போர்க்கு இனிக்கும். ஆனால் அது நடக்கவில்லை. பொறாமையும் அகலவில்லை. அவ்விரண்டையும் இரு பக்கமும் தாங்கியபடியே அவன் நிலைப்படியைக் கடந்தான். துணிந்தவர் கதையென உலகம் போற்றுவதில் பாதி, நடுங்கும் கால்களின் கதையே. நம்பினோர் பலர், நம்பியபின் நடக்கின்றனர். சிலர் நடந்தபின் நம்புகின்றனர். வேதகிரி எவ்வகையினன் என்பதை அவனும் அறியான். பாயில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவினாள். துண்டின் நுனி அதில் அகப்பட்டது.

பெருமாள் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, உள்ளிருந்து கத்தும் ஒலி எழுமா என்று செவி கொடுத்து நெடுநேரம் நின்று, பின் திறவுகோலை மடியில் முடிந்துகொண்டு நடந்தான்.