நானூறு பொத்தான்கள்

நகராட்சி எழுத்தர் வியர்க்க விறுவிறுக்கத் தையற்கடைக்குள் நுழைந்தபோது, அளவு அக்கா முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, இடுப்பை. போன வருடம் முப்பத்திரண்டு. இப்போது முப்பத்தாறுக்குக் குறையாது. கல்யாணமானதிலிருந்து மனுஷனின் பெல்ட்டுக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அந்தக் கடைத்தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் இளைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே பழைய சட்டையைப் பிரித்துவிடச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். டேப்பைத் தொடாமல், பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். அப்படி வந்த பெயர் அது.

"அக்கா, அவசரமா நானூறு பொத்தான் வேணும். சாயந்தரம் அப்படியே திருப்பிக் குடுத்துடறேன்."

"நானூறா? யாருக்குத் தம்பி சட்டை தைக்கப்போறீங்க, யானைக்கா?"

விஷயம் அவளுக்கும் தெரிந்ததுதான். ஐந்து வருடத்தில் ஊர் கண்மண் தெரியாமல் வளர்ந்துவிட்டது. காலி மனையெல்லாம் நாலு மாடி ஆகி, ஆறு மாதத்துக்கொருமுறை புதிதாக ஒரு தெரு முளைத்தது. ஆனால் சாக்கடையும் சாலையும் பழைய ஊருக்குத் தைத்த சட்டையாகவே இருந்தன. எங்கே இழுத்தாலும் எங்கேயோ பிரிந்தது. இந்த வருடம் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும், அது எதுவென்று ஜனங்களே சொல்லட்டும் என்று புது ஆணையர் முடிவெடுத்திருந்தார். பள்ளிக்கூட அரங்கில் நான்கு கண்ணாடி ஜாடிகள். கடைத்தெருவை அகலப்படுத்துவதற்கு ஒன்று, பாதாளச் சாக்கடைக்கு ஒன்று, பேருந்து நிலையத்துக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று. ஒருவருக்கு ஒரு டோக்கன், பிடித்த ஜாடியில் போட்டுவிட்டுப் போகவேண்டியது. அச்சகத்திலிருந்து டோக்கன் மட்டும் வந்து சேரவில்லை.

நல்லதை மேலே வைத்துக் காட்டுவது கடைக்காரர் புத்தி. யாரோ வாங்கிவைக்கச் சொல்லிவிட்டு எடுக்காமல் போன கோட் பொத்தான்கள் இருநூறு, கறுப்பில் பளபளவென்று அவளிடம் கிடந்தன. டப்பாவின் அடியில் இருநூறு வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் கொட்டி, மேலே கோட் பொத்தான்களைப் பரப்பிக் கொடுத்தாள். ஊர்க் காரியம், பார்வையாக இருக்கட்டுமே.

எழுத்தர் போனதும் இன்னொன்றும் செய்தாள். ஒரு பிடி சட்டைப் பொத்தான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லியிருப்பாள். நன்றாகவே தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் அளவையாளர்கள் வந்து கடையின் பக்கச் சுவரில் சிவப்புக் கோடு இழுத்து, தெருப்பக்கம் அம்புக்குறி போட்டு, '8 அடி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கடையின் நீளமே பத்தடி. மிச்ச இரண்டடியில் தையல் மெஷினை நிமிர்த்தி வைத்து நின்றுகொண்டேதான் தைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதுவரை சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், அன்றிலிருந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் சாக்கடையின் அவசியத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

அரங்கில் காலை முதலே கடைத்தெரு ஆட்கள் கூட்டம். சிமெண்ட்டுக் கடைக்காரர் தன் தம்பிகள், மச்சான்கள், அவர்கள் பெண்டாட்டிகள் என்று ஒரு படையையே திரட்டி வந்திருந்தார். அவர் கடை தெருவிலிருந்து உள்ளடங்கியது. சாலை அகலமானால் லாரி நேராக வாசலுக்கே வரும், ஒரு செங்கல்லும் இடிபடாது. ஆளுக்கொரு பெரிய பொத்தானை 'டொக்'கென்று சாலை ஜாடியில் போட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார்கள். பின்தெருக்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும் வீட்டுவேலை முடித்து, குளித்து, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு பதினொரு மணிக்குமேல்தான் வர ஆரம்பித்தார்கள். அளவு அக்காவும் அப்போதுதான் வந்தாள்.

கையெழுத்துப் போட்டு, தன் பங்குக்கு ஒன்றை வாங்கிச் சாக்கடை ஜாடியில் போட்டாள். மற்றக் கை பைக்குள் போய்விட்டிருந்தது. பின்னால் நின்ற பெண்ணை அவளுக்குத் தெரியும். தரைத்தளத்தில் குடியிருப்பவள், மார்பு முப்பத்தாறு, கைக்குழந்தைக்காரி.

"மழை பேஞ்சா குளியலறைல தண்ணி கீழ போகாதுக்கா. மேல வருது. புள்ளையத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுட்டு விடியவிடிய உக்காந்திருப்பேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஒற்றைச் சட்டைப் பொத்தானை இரண்டு விரலால் பிடித்து, கீழே சிந்திவிடாமல் ஜாடிக்குள் விட்டாள். அத்தனை பத்திரமாக. அளவு அக்கா பைக்குள்ளிருந்து வெறுங்கையை வெளியே எடுத்தாள். எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு ஆணையர் வந்தார். ஜாடிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சாலை ஜாடி கழுத்துவரை நிரம்பியிருந்தது. சாக்கடை ஜாடி பாதியைத் தாண்டவில்லை.

"இதுல எண்ணறதுக்கு என்ன இருக்கு, கண்ணுக்கே தெரியுதே. ரோடுன்னு எழுதிக்குங்க."

எழுத்தர் பேனாவைத் திறந்தார். அளவு அக்கா ஓரத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகுதான் ஜாடிகளைத் தன் கண்ணால் பார்த்தாள், இடுப்பைப் பார்க்கிற கண்ணால். ஒன்றில் முழுக்கக் கறுப்பு. மற்றதில் பெரும்பாலும் வெள்ளைப் பொடிப் பொத்தான். நல்லதை மேலே வைத்தவள் அவளேதான்.

"சார், எண்ணணும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு கோட் பொத்தான் இருக்கற எடத்துல சட்டைப் பொத்தான் அஞ்சு உக்காரும் சார். முதல்ல வந்தவங்களுக்குப் பெருசு, பின்னால வந்தவங்களுக்குச் சிறுசு. ஒசரத்தைப் பாத்து எழுதினா தப்பாயிடும்."

முடிவைத் தெரிந்துகொண்டு போக வந்திருந்த சிமெண்ட்டுக் கடைக்காரர் கடகடவென்று சிரித்தார். "ஏம்மா, சுவத்துல செவப்புக் கோடு விழுந்ததும் கணக்கு டீச்சர் ஆயிட்டியா? பொத்தானும் இவளுது, எண்ணச் சொல்றதும் இவளே. உள்ள எத்தனை கூடுதலா விழுந்திருக்கோ, யார் கண்டா?"

"அதுக்குத்தான கையெழுத்து இருக்கு," என்றார் எழுத்தர். "எத்தனை கையெழுத்தோ அத்தனை பொத்தான். ஒண்ணு கூடினாலும் எல்லாத்தையும் ரத்து பண்ணிடலாம்."

அவள் கைப்பையை இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பொத்தான்கள் பல் கடிப்பதுபோல் சத்தம் போட்டன.

பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு ஜாடிகளைக் கவிழ்த்தார்கள். எழுத்தர் பத்துப் பத்தாக ஒதுக்க, சிமெண்ட்டுக் கடைக்காரர் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கா இருபத்து மூன்று. பேருந்து நிலையம் முப்பத்து நான்கு. சாலை நூற்று முப்பத்தொன்பது. சாக்கடை ஜாடியின் வெள்ளைப் பொடி மட்டும் குறைவேனா என்றது. நூற்று முப்பத்தொன்பதைத் தாண்டி, நூற்று ஐம்பதைத் தாண்டி, நூற்று எழுபத்தொன்றில் நின்றது. மொத்தம் முந்நூற்று அறுபத்தேழு. கையெழுத்தும் அதே.

"மிச்சம் முப்பத்துமூணு டப்பால இருக்கு. நானூறு சரியா இருக்கு சார்."

அளவு அக்கா பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, உள்ளே பொத்தான்கள் போட்டது போட்டபடி. கடை பிழைத்ததை நினைத்து வந்த நிம்மதி என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும்தான்.

"சரி, இந்த வருஷம் சாக்கடை," என்றார் ஆணையர். "ரோடை அடுத்த வருஷம் பாப்போம்."

சாயந்தரம் சொன்னபடி டப்பா வந்து சேர்ந்தது, கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்து. கைப்பையில் இருந்ததையும் அதிலேயே கொட்டிவிட்டு, பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழலாடியது. சிமெண்ட்டுக் கடைக்காரர். ஒரு கையால் சட்டையை வயிற்றுக்குமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு பாத்ததுல பொத்தான் அந்துடுச்சு."

"அண்ணே, குனிஞ்சதால அது அந்துடலை. நாப்பத்திரண்டை நாப்பதுக்குள்ள அடைச்சா அது என்ன பண்ணும் பாவம்."

"பேச்சு வேணாம், தைச்சுக் குடு. அடுத்த வருஷம் ரோடு வரத்தான் போகுது, தெரிஞ்சுக்க."

"வரட்டும். இப்ப அசையாம நில்லுங்க."

அவர் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றார். அவள் ஊசியில் நூல் கோத்து, டப்பாவுக்குள் விரலைவிட்டுத் துழாவினாள். சுவரில் இருந்த சிவப்புக் கோட்டுக்கும் தெருவுக்கும் நடுவில், அந்த எட்டடிக்குள், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் நின்றார்.